மீன் குட்டைகளில் வந்து சேரும் தீங்கற்ற ஜந்துக்கள்
அவற்றை அறியும் வகையும் கையாளும் முறையும்

காஞ்சீபுரம் ஜில்லா ஏரிகளின் ஜில்லா. பாலாறும் வேகவதியும் செய்யாறும் திருமுக்கூடலில் ஒன்று கூடினும், அம்மூன்றும் வருஷத்தில் பெரும்பாகம் வெறும் மணலாகவே கிடப்பதால், ஐப்பசி கார்த்திகை மழையைத் தேக்கி வைக்கும் ஏரிகளே இப்பிரதேசத்து வேளாண்மைக்கு ஆதாரம். உத்திரமேரூர்க் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில், பொறிக்கப்பட்ட சாசனங்களில் ஏரி வாரியம் என்று தனியே ஒரு வாரியம் கூறப்பட்டிருப்பதே இதற்குச் சான்று. ஏரிப் பாசனத்தோடு வயலோரத்தில் 10 சென்டு, 20 சென்டு அளவில் பண்ணைக் குட்டை வெட்டி அதில் மீன் வளர்ப்பது, நெல்லொன்றையே நம்பியிராத குடியானவர்களுக்கு நல்ல உபவருமானமாக இருக்கிறது.

இவ்வாறு குட்டை வைப்போர் பலருக்கும் முதல் வருஷத்தில் ஏற்படும் கலக்கம் ஒன்றுண்டு. குட்டையில் நீர் விட்டுச் சாணமும் இட்டுச் சில தினங்கள் கழிந்தபின் கரையில் குனிந்து பார்த்தால், நீர் முழுவதும் ஏதேதோ துள்ளுவதும் ஊர்வதும் சுழல்வதுமாகக் காணப்படுகிறது. விலை கொடுத்து வாங்கிய குஞ்சுகளை இவை தின்றுவிடுமோ என்று அஞ்சி, நெல்லுக்கு வாங்கி வைத்த பூச்சிமருந்தில் மீதியிருப்பதைக் குட்டையில் ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். மறுநாள் நீர் கண்ணாடிபோல் தெளிந்து விடுகிறது. அதன்பின் விடும் குஞ்சுகள் ஒன்று மருந்தின் நஞ்சால் மடிகின்றன. அல்லது நஞ்சு தணிந்திருந்தால் பட்டினியால் மடிகின்றன. இரண்டாவது வகைச் சாவு வெளியில் தெரிவதில்லை. அரை அங்குலங்கூட இல்லாத குஞ்சு செத்தால் மிதக்காது. அடியிற் சேறோடு சேறாகிவிடும். இரண்டு மாதம் கழித்து வலை வீசியபிறகே நஷ்டத்தின் அளவு தெரியவரும்.

பட்டினி என்று கூறுவதன் காரணத்தைச் சற்று விளக்குதல் அவசியம். கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை கங்கை முதலிய வடநாட்டு ஆறுகளுக்கு உரிய மீன்கள். முற்காலத்தில் அவற்றின் குஞ்சுகளை ஆற்று வெள்ளத்திலிருந்து வலையிட்டு வாரி, மண்பானைகளில் தூரதேசங்களுக்குக் கொண்டுபோவார்கள். அந்த நீரோடு ஆற்றிலுள்ள சகல ஜந்துக்களும், வேண்டாத மீன்களின் குஞ்சுகளும் கூடவே பிரயாணம் செய்தன. 1957 ஜூலை 10-ஆம் தேதி ஹீராலால் சௌத்ரி பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்தி இக்கெண்டைகளை முட்டையிடச் செய்து வெற்றி கண்டபின், பொரிப்பகங்களில் இனந்தெரிந்த குஞ்சுகள் கிடைக்கலாயின. பொரித்து மூன்று நாளான நுண்குஞ்சு சுமார் 6 மில்லிமீட்டர் நீளமிருக்கும். அதன் வயிற்றுப் பையிலிருந்த கரு அதற்குள் தீர்ந்துவிடுகிறது. அதன் வாயில் நுழையக்கூடிய உணவு நீரில் மிதக்கும் நுண்ணிய பிராணிகளே அன்றி வேறில்லை. தவிடும் பிண்ணாக்கும் இடுவது வழக்கமாயினும், முதல் சில நாட்களில் அவை உயிருள்ள உணவுக்கு ஈடாவதில்லை. 10 சென்டு நாற்றங்கால் குட்டையில் ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் வரை நுண்குஞ்சுகள் விடப்படுகின்றன. பதினைந்து இருபது நாளில் அவை ஓர் அங்குலக் குஞ்சுகளாக வேண்டும். பத்தில் மூன்று நான்கு தேறினாலே நல்ல பலன். இந்த மூன்று நான்கு தேறுவதும் தேறாததும், குடியானவர் கண்டு அஞ்சிய அந்தத் துள்ளும் ஜந்துக்களைப் பொறுத்தே இருக்கிறது.

குட்டைக்கு இவை எங்கிருந்து வருகின்றன? குஞ்சுப் பையின் நீரோடு சில வருகின்றன. ஏரிக் கால்வாய் நீரோடும், பக்கத்துக் குட்டையில் இழுத்து ஈரம் உலராத வலையோடும், தாமரைக் கிழங்கு, வேலம்பாசி ஆகியவற்றோடும் பல வருகின்றன. தேவஸ்தானங்களுக்குத் தாமரை பயிரிடுவோர் கிழங்கை ஒரு குளத்திலிருந்து மற்றொரு குளத்துக்கு மாற்றும்போது, அதன் தண்டில் நத்தை முட்டை ஒட்டாமல் வருவது அரிது. நீர்வண்டுகள் இரவில் விளக்கு வெளிச்சத்தை நாடித் தாமே பறந்து வந்து விழும். எஞ்சியவற்றைப் பறவைகள் கொணர்கின்றன. சார்லஸ் டார்வின் 1859-இல் வெளியிட்ட நூலில், நத்தை முட்டைகள் பொரிந்துகொண்டிருந்த தொட்டியில் வாத்தின் கால்களைத் தொங்கவிட்டு, இளநத்தைகள் அவற்றைப் பற்றிக்கொண்டதையும், ஈரக் காற்றில் 12 முதல் 20 மணி நேரம் வரை அவை உயிரோடு இருந்ததையும் எழுதியிருக்கிறார். வேடந்தாங்கலுக்கும் கரிக்கிலிக்கும் வந்து தங்கும் நாரைகளும் வாத்துகளும் பத்துக்கல் சுற்றளவில் உள்ள ஏரி, வயல், குட்டை எல்லாவற்றிலும் இறங்கி மேய்கின்றன. ஆகவே இந்த விருந்தாளிகளை முற்றிலும் தடுப்பதென்பது ஆகாத காரியம். வந்ததை இன்னதென்று அறிந்துகொள்வதே ஆகக்கூடியது.

அறிவதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு கண்ணாடி டம்ளர், ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு, எழுத்துப் பெரிதாகத் தெரியும் ஒரு பூதக்கண்ணாடி, ஒரு கஜம் மெல்லிய துணி ஆகியவை போதும். விடிந்த சமயத்தில் குட்டையின் நாலு மூலையிலும் நடுவிலுமாகச் சேந்திய நீரைத் துணியால் வடிகட்டி, துணியில் தங்கியதைத் தட்டிலுள்ள சிறிது தெளிந்த நீரில் கழுவிவிட்டுப் பார்க்க வேண்டும். மீன்துறையினர் இதற்கென வைத்திருக்கும் கூம்பு வலை இப்போது நைலானால் ஆனது. முன்னாளில் அது பட்டு. ஐரோப்பாவில் மாவு சலிப்பதற்கென்று மிக நெருக்கமாக நெய்யப்பட்ட பட்டுச் சல்லாவையே நீர்நூல் ஆராய்ச்சியாளர் உலகெங்கும் வாங்கிப் பயன்படுத்தினர். பட்டுக்குப் பேர்போன காஞ்சீபுரத்தில் இச்செய்தி பலருக்கும் புதிதாயிருக்கலாம். அவ்வலையில் 50 லிட்டர் நீரை வடித்தால் ஒன்று முதல் ஒன்றரை மில்லிலிட்டர் வரை நுண்பிராணிகள் தேறுமாயின், அக்குட்டை குஞ்சு விடுவதற்குத் தகுதியாயிற்று என்று கொள்வர்.

தட்டில் உள்ளதைப் பார்க்கும்போது, பேரைத் தேடுமுன் அது செய்கிற காரியத்தைக் கவனிப்பது நன்று. முதலாவது, அது மூச்சு வாங்க நீரின் மேற்பரப்புக்கு வருகிறதா, நீருக்குள்ளேயே இருந்துவிடுகிறதா? இரண்டாவது, அதற்குக் குத்தும் அலகோ, கவ்வும் கொடுக்கோ, மடிந்து நீளும் தாடையோ உண்டா? மூன்றாவது, அது மற்றொன்றைத் துரத்துகிறதா, இருந்த இடத்தில் மேய்கிறதா? மேலே வந்து மூச்சு வாங்குவதும் குத்தும் அலகு உடையதுமான ஜந்து பெரும்பாலும் குஞ்சுக்குப் பகை. உள்ளேயே இருந்து மேய்வது பெரும்பாலும் குஞ்சுக்கு உணவு, அல்லது வாளாவிருப்பது. பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம், தட்டானின் இளம்புழு இந்தக் கணக்கில் அடங்காததேயாகும். அதைப் பின்னர்க் காண்க.

தட்டில் முதலில் கண்ணில் படுவது நீர்த்தெள்ளு. கடுகில் பாதியளவு இருக்கும். உருண்டையாகவும் ஒளி ஊடுருவுவதாகவும் காணும். தலையிலிருந்து கிளைக்கும் இரு கைகளை வீசி விட்டு விட்டுத் துள்ளும். தெள்ளு என்ற பேரை வைத்து அது கடிக்கும் என்று எண்ணலாகாது; நீரிலுள்ள பாசித் துகளையும் நுண்கிருமியையும் வடித்து உண்பதே அதன் தொழில். பூதக்கண்ணாடியில் நோக்கினால் முதுகிலுள்ள பையில் முட்டைகளும், துடிக்கும் இதயமுங்கூடத் தெரியும். மீன்குஞ்சுக்குத் தாய்ப்பால் என்று சொல்லத்தக்கது இது. நீரில் பிராணவாயு குறையும்போது இதன் உடலில் செந்நிறப் பொருள் மிகுந்து, குட்டையின் ஓரம் சில காலைகளில் செம்மை படர்ந்ததுபோல் காணும். நீர் கெட்டுவிட்டது என்று மருந்து தேடாமல், சாணம் இடுவதை நிறுத்திப் புதுநீர் பாய்ச்சினால் போதும்.

அதனோடு கலந்து, பேரிக்காய் வடிவில் வால் இரண்டாகப் பிரிந்து, நெற்றியில் ஒரே கண்ணோடு சடுக்குச் சடுக்கென்று பாய்வது சைக்லாப்ஸ். பெண்ணுக்கு இடுப்பின் இரு புறமும் முட்டைப் பைகள் தொங்கும். குளத்து நீரைக் குடித்த பழைய தலைமுறையார் இதன் பேரைக் கேட்டால் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. நரம்புச்சிலந்தி என்னும் நோயை உண்டாக்கிய நீண்ட புழுவின் இளம்பருவம் வளர்ந்தது இந்தப் பிராணியின் வயிற்றிலேதான். காலில் புண் வைத்தவர் படிக்கட்டுக் கிணற்றிலோ குளத்திலோ இறங்க, புழுவின் குஞ்சுகள் நீரில் விழும். சைக்லாப்ஸ் அவற்றை விழுங்கும். அந்நீரை வடிகட்டாமல் குடித்தவருக்கு ஓராண்டு கழித்துக் கால் வழியாகப் புழு வெளிப்படும். வேலைக் காலத்தில் ஆட்களை மாதக்கணக்கில் படுக்கையிற் கிடத்திய நோய் அது. 1980-களில் தேச முழுவதும் நடந்த பெருமுயற்சியால், குடிநீரைத் துணியால் வடிகட்டும் வழக்கம் பரப்பப்பட்டும், படிக்கிணறுகள் மூடப்பட்டும், நோய் குறைந்துகொண்டே வந்து, 1996-இல் கடைசி நோயாளி காணப்பட்டார். 2000-ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம் இந்தியா அந்நோயினின்று விடுபட்டதாகச் சான்று வழங்கியது. குற்றம் புழுவினுடையது, சைக்லாப்ஸ் அதற்கு வண்டியாக மட்டும் இருந்தது. புழு ஒழிந்தபின் வண்டிமேல் பகை பாராட்டுவதில் பொருளில்லை. ஆயினும் ஒன்று: பெரிய சைக்லாப்ஸ்கள் மிகுந்துவிட்ட நீரில், பொரித்து ஓரிரு நாளே ஆன மெல்லிய நுண்குஞ்சுகளை அவை கடித்துக் கொல்வதுண்டு. எரு இட்டபின் குட்டையில் முதலில் பெருகுவது கண்ணுக்குப் புலப்படாத சக்கரப் பிராணிகள், அடுத்து நீர்த்தெள்ளு, அதற்கும் பின்னரே சைக்லாப்ஸ். ஆகையால் நீர்த்தெள்ளு பெருகும் தருணத்திலேயே குஞ்சை விட்டுவிட வேண்டும், நாள் கடத்தலாகாது.

ஏரி வண்டலைக் குட்டைக் கரைக்கோ வயலுக்கோ அடித்தவர்கள் வேறு சில விருந்தாளிகளையும் காண்பார்கள். முதல் மழை நீர் தேங்கிய சில நாட்களில், ஓர் அங்குலத்துக்குள் நீளமும் ஏறக்குறையக் கண்ணாடி போன்ற உடலும் உடைய பிராணிகள், வயிற்றை மேலே வைத்து மல்லாந்தபடி, இலைபோன்ற பல ஜோடிக் கால்களை அலையலையாக அசைத்துக்கொண்டு மிதந்து செல்லும். இது கூனி இறாலுக்குத் தூரத்து உறவு; மழைக்குட்டைகளுக்கே உரியது; முற்றிலும் சாது. இதன் முட்டைகள் காய்ந்த வண்டலில் வெயிலையும் வறட்சியையும் தாங்கி வருஷக்கணக்கில் உறங்கிக் கிடந்து, நீர் பட்டதும் பொரிகின்றன. கேடயம் போன்ற ஓட்டை முதுகில் தாங்கி, பின்னால் இரண்டு நீண்ட வால் இழைகளை இழுத்துக்கொண்டு சேற்றைக் கிளறிச் செல்லும் வேறொன்றும் இவ்வாறே வண்டலிலிருந்து எழும். தோற்றத்தில் இது பயங்கரமானது. சேற்றைக் கிளறி நீரைக் கலக்குவதற்கு மேல் மீனுக்கு இதனால் கெடுதியில்லை. ஜப்பானில் நடவு வயலில் இப்படிக் கிளறுவதால் களை முளைப்பது குறைகிறது என்று இதை விரும்புவோரும் உண்டு. இரண்டும் குட்டையில் மீன் வளர வளரத் தாமே இரையாகி மறைந்துவிடும்.

அடிச்சேற்றில் இரத்தச் சிவப்பாக நெளியும் அரை அங்குலப் புழுவைக் கண்டு, மீன் வயிற்றில் புழு வைக்கும் என்று சொல்வார் உளர். அது கொசுவைப் போன்றும் கடிக்காததுமான ஒருவகை ஈயின் புழு. அடியில் மேயும் மிர்காலுக்கு அதைவிட நல்ல உணவு கிடையாது. தலைப்பிரட்டைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. அவை பாசியைத் தின்னும், கால் முளைத்து வெளியேறிவிடும். மட்டிகளும் அப்படியே. மட்டியின் இளம்பருவம் சில காலம் மீனின் செவுளையும் துடுப்பையும் பற்றிச் சவாரி செய்வதுண்டு. சிறு தொகையானால் மீன் அதைப் பொருட்படுத்துவதில்லை.

கோயிற் குளத்துப் படியிலும் தாமரைத் தண்டிலும் கறைபோல் படர்ந்து, பச்சையும் சாம்பலுமாக, தொட்டால் சொரசொரப்பாக உள்ள படலத்தைப் பலரும் பாசி என்றே எண்ணுகிறார்கள். அது நன்னீரில் வாழும் பஞ்சுப் பிராணி, கடற்பஞ்சின் இனம். நாளெல்லாம் நீரை உறிஞ்சி வடித்து வெளிவிடுவதே அதன் வாழ்க்கை. கோடையில் படி வெளிப்பட்டுக் காய்ந்தால் அது செத்துப் பொடியாகும்; ஆனால் அதன் விதையுருண்டைகள் பிழைத்து மறுமழையில் முளைக்கும். காய்ந்த பொடி தோலில் பட்டால் அரிக்கும். வேறு தொந்தரவு இல்லை. கல்கத்தாவிலிருந்த நெல்சன் அன்னண்டேல் 1911-இல் இந்நாட்டு நன்னீர்ப் பஞ்சுகளைப் பற்றியும் நூல் எழுதியுள்ளார் என்பதிலிருந்து, பாசியென்று ஒதுக்கப்படும் இதில் ஆராய்தற்குரியது எவ்வளவு என்பது விளங்கும்.

நத்தைகளின் விஷயம் சற்று வேறு. மீனுக்குத் தீங்கற்றது என்பதால் பண்ணைக்கும் தீங்கற்றது என்று முடிவு கட்டலாகாது. குட்டையில் வரும் நத்தை மூன்று தினுசு. வாயை மூடக் கதவுபோன்ற மூடியுள்ளது ஒன்று. மூடியில்லாமல், ஓடு மெல்லியதாய், வாய் அகன்றிருப்பது ஒன்று. தட்டையாய், நாணயத்தைச் சுருட்டினாற்போல் கறுத்திருப்பது ஒன்று. முதலாவதைக் குறித்து அச்சமில்லை. மற்ற இரண்டும் மீனுக்கு ஒன்றும் செய்யாவிடினும், ஆடுமாடுகளின் ஈரலைத் தாக்கும் தட்டைப்புழு முதலியவை வளர இடங்கொடுக்கின்றன. மாட்டின் மூக்கில் சதை வளர்ந்து, மூச்சு விடும்போது குறட்டைபோல் ஒலி எழும் நோயை உண்டாக்கும் புழுவை 1933-இல் எம். ஏ. என். ராவ் விவரித்தார், அப்புழு வளர்வது தட்டைச் சுருள் நத்தையிலேதான். உழவு மாடும் கறவையும் இறங்கி நீர் குடிக்கும் குட்டையில் இந்நத்தைகள் கண்டால், கால்நடைகளைக் குட்டையில் இறங்கவிடாமல் கரைமேல் தொட்டி கட்டி நீர் காட்டுவது உத்தமம். பச்சைத் தென்னையோலையை இரவில் மிதக்கவிட்டுக் காலையில் எடுத்தால் நத்தைகள் அதில் அப்பியிருக்கும். உதறி வாத்துக்கோ கோழிக்கோ அவித்துப் போடலாம். இதை வாரம் ஒருமுறை செய்துவந்தால் தொகை கட்டுக்குள் நிற்கும். நத்தைக்கென்று மயில்துத்தம் கரைப்பவர்கள் மீனையும் சேர்த்தே இழக்க நேரிடும்.

இனி, தீங்கற்றவைபோல் தோன்றும் பகைவர்களைப் பிரித்தறிய வேண்டும். இவ்விஷயத்தில் தவறு நேர்வது எளிது. மல்லாந்து நீந்துவது மழைக்குட்டைப் பிராணி ஒன்றுதான் என்பதில்லை. படகுபோன்ற உடலும் துடுப்புபோன்ற நீண்ட இரு பின்கால்களும் உடைய ஒரு பூச்சியும் மல்லாந்தே நீந்தும். ஆனால் அது அடிக்கடி மேலே வந்து வயிற்று நுனியை நீர்மட்டத்தில் வைத்து மூச்சு வாங்கும். கையில் எடுத்தால் ஊசியாற் குத்தினாற்போல் கடிக்கும். குஞ்சின் உடலில் அலகைச் செருகிச் சாறு உறிஞ்சிக் கொல்வதில் இதற்கு இணையில்லை. அதே வடிவில், ஆனால் முதுகு மேலாகக் கவிழ்ந்து நீந்தி அடிச்சேற்றில் மேய்வது வேறொரு பூச்சி, அது சாது. இரண்டையும் ஒரே டம்ளரில் விட்டுச் சற்றுநேரம் பார்த்தவர் பிறகு ஒருபோதும் மயங்கார். தேள்போல் முன்கால்களும் நீண்ட வாற்குழலும் உடையது, முதுகில் முட்டைகளை ஒட்டிச் சுமக்கும் தட்டை நீர்ப்பூச்சி, பளபளத்த நீர்வண்டு, அதன் அரிவாள் தாடைப் புழு ஆகிய யாவும் மேலே வந்து மூச்சு வாங்குபவை. யாவும் குஞ்சு தின்பவை.

இவை மிகுந்திருந்தால், குஞ்சு விடுவதற்கு ஒரு நாள் முன்பு, காற்றில்லாத வேளையில், சோப்பும் எண்ணெயும் கலந்த குழம்பை நீர்மேல் தெளிப்பது நீண்டகாலமாக அனுஷ்டிக்கப்படும் முறை. ஹெக்டேருக்கு 56 கிலோ மலிவான தாவர எண்ணெயும் 18 கிலோ சோப்பும் என்பது கணக்கு. 10 சென்டுக்கு எண்ணெய் 2¼ கிலோவும் சோப்பு ¾ கிலோவும் ஆகும். சோப்பைச் சுடுநீரில் கரைத்து எண்ணெயை ஊற்றிக் கலக்கி, பழுப்பு நிறக் குழம்பானதும் தெளிக்க வேண்டும். எண்ணெய்ப் படலம் மேற்பரப்பை மூடுவதால், மூச்சு வாங்க வருபவை மூச்சு முட்டிச் சாகின்றன. நீருக்குள்ளேயே சுவாசிக்கும் நீர்த்தெள்ளும் சைக்லாப்ஸும் சேற்றுப் புழுவும் பிழைக்கின்றன. சாதுவான நீர்ப்பூச்சிகள் சிலவும் இதில் மடியும் என்பது உண்மையே, வேறு வழியில்லை. பூச்சிமருந்துக்கும் இதற்கும் உள்ள பேதம் இதுதான்: மருந்து எல்லாவற்றையும் கொல்லும், இக்குழம்பு மூச்சு வாங்கும் விதத்தைக் கொண்டு பகைவரைத் தெரிந்து கொல்லும்.

தட்டானின் இளம்புழு மட்டும் இதற்குத் தப்பிவிடும். அது பின்புறத் துவாரத்தின் வழியாக நீரை உள்ளிழுத்து அங்குள்ள செவுள்களால் சுவாசிப்பதால், மேலே வரவேண்டிய அவசியம் அதற்கில்லை. முகமூடிபோல் மடிந்திருக்கும் கீழ்த்தாடையை நொடியில் நீட்டிக் குஞ்சைக் கவ்வும். நாற்றங்கால் குட்டையில் இதற்குச் சிறு கண் வலையை இருமுறை மும்முறை அடியோடு இழுப்பதே பரிகாரம். குட்டையைக் கோடையில் வெடிக்கக் காயவிட்டிருந்தால் தொல்லை பெரிதும் குறையும். ஆனால் நெல் வயலில் இதே தட்டான் வளர்ந்து பறக்கும்போது நெற்பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் நண்பன். விரலளவு வளர்ந்த மீன்கள் உள்ள குட்டையில் இப்புழுவைத் தேடி ஒழிப்பது வீண் வேலை. அங்கே மீனே அதைத் தின்றுவிடும்.

குட்டைக்கு வரும் நீர் எத்தன்மையது என்பதையும் இப்பிராணிகள் காட்டிக்கொடுக்கின்றன. பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் இட்டுக் கொதிக்கவைத்துப் பசை நீக்கிச் சாயம் தோய்க்கும் ஊரில், அந்நீர் சாக்கடையோடு கால்வாயில் இறங்குமிடத்துக்குக் கீழே குட்டை வைத்திருப்போர் இதை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். நீர்த்தெள்ளும் தட்டான் புழுவும் மட்டியும் ஒருங்கே மறைந்து, சேற்றில் செம்புழுவும், நீண்ட மூச்சுக்குழல் வாலுடைய வெண்புழுவும் மட்டுமே மிஞ்சுமாயின், நீரில் பிராணவாயு அற்றுப்போயிற்று என்று அறிக. நீர் தெளிவாக இருப்பது போன்ற தோற்றத்தை நம்பி அதில் குஞ்சு விடுவது பணத்தைக் கொட்டுவதேயாகும். அத்தருணத்தில் மருந்து எதுவும் பயன்படாது. நீர் வரும் வழியை மாற்ற வேண்டும்.

கடல்நீர்த் தொட்டி வைத்து அலங்கார மீன் வளர்ப்போருக்கும் இதே சங்கடம் உண்டு. சென்னைக் கடற்கரையில் 1909-இல் கடல்மீன் காட்சிசாலை திறக்கப்பட்ட காலந்தொட்டு இவ்வாசை இப்பக்கத்தில் இருந்துவருகிறது; 2019-இல் செங்கற்பட்டு தனி ஜில்லாவாகப் பிரியும்வரை கோவளமும் மாமல்லபுரமும் காஞ்சீபுரத்தைச் சேர்ந்தவையாகவே இருந்தன. கடற்கல்லோடும் சிப்பியோடும் மணலோடும் அத்தொட்டிகளில் முட்புழு, மெல்லிய கைகளையுடைய சிறு நட்சத்திரப் பிராணி, கூனிபோன்ற நுண்ணிறால் ஆகியவை வந்து, பகலில் கல்லிடுக்கில் ஒளிந்து இரவில் உலாவும். மீன் தின்னாது விட்ட இரையைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைப்பவை அவையே. முட்புழுவை வெறுங்கையால் தொட்டால் மயிர்முள் தைத்து எரிச்சலுண்டாகும்; குறடால் பிடிக்கவேண்டும் என்பதற்கு மேல் அதைப்பற்றிக் கவலை வேண்டாம். பவளப்பாறையைத் தொட்டிக்கென்று உடைத்து வருவது 2001 முதல் வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கே குறிப்பிடுதல் தகும்.

தொட்டியோ குட்டையோ, வேண்டாமென்று எடுத்ததை எங்கே போடுவது என்பதில் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். கண்ணாடித் தொட்டியின் பாசியைத் தின்னும் சாது என்று விற்கப்பட்ட, தென் அமெரிக்காவைச் சேர்ந்த, கவசம்போன்ற செதிலுடைய உறிஞ்சுவாய்க் கெளுத்தி இவ்வாறு எறியப்பட்டுச் சென்னைக்கருகே உள்ள நீர்நிலைகளில் பெருகி, வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. 1952-இல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி மீனும் குட்டையிலிருந்து ஏரிக்கும் ஏரியிலிருந்து வயலுக்கும் பரவியது இவ்வாறே. தட்டில் பார்த்து முடித்த நீரை ஏரியிலோ கால்வாயிலோ கொட்டாமல் உலர்ந்த தரையில் ஊற்ற வேண்டும். ஒரு குட்டையில் இழுத்த வலையை மறு குட்டையில் இறக்குமுன் இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் முறுகக் காயவிட வேண்டும். குஞ்சுப் பையைக் குட்டை நீரில் கால்மணி நேரம் மிதக்கவிட்டு உஷ்ணம் சமமானபின், குஞ்சுகளை மெல்லிய வலைக்கரண்டியால் எடுத்து விட்டு, பையின் நீரைக் கரைக்கு அப்பால் கொட்டுவது நலம். தாமரைக் கிழங்கையும் நீர்ச்செடியையும் புதுக்குளத்தில் நடுமுன் தண்டையும் வேரையும் கையால் தடவி, பசைபோல் ஒட்டியிருக்கும் நத்தை முட்டைகளை வழித்தெடுத்துவிட வேண்டும். இவ்வேலைக்கு ஒரு கிழங்குக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் பிடிக்காது.